அடம் பிடிக்கும் குட்டி மீன்

குற்றாலச் சாரல் தென்காசியை நனைத்த ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்தான். "ஆச்சி, என் பஃபர் மீன் நாலு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கு!"

போய்ப் பார்த்தேன். குருணைத் தீனி அடியில் ஊறிக் கிடந்தது. மீனின் வயிறு ஒட்டியிருந்தது.

இது அடம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரள ஆறுகளில் வாழும் இந்த ஒரு அங்குல மீனுக்கு அசைவதுதான் இரை. கொசுப்புழுவும் குட்டி நத்தையும் கொடுங்கள். வயல் நத்தையில் பூச்சிமருந்து இருக்கலாம். தனி டப்பாவில் வளர்த்ததே நல்லது. பிறகு, உறைந்த ரத்தப்புழுவை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டிப் பழக்குங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். கொசுப்புழு வாளியை மூடி வையுங்கள். இல்லையென்றால் டெங்கு வரும்.

மறுநாள் பையன் சிரித்தான்: "ஆச்சி, வயிறு உருண்டுட்டு!"