பிணம் எழுந்து ஓடிய கதை
திரில்லர் என்றதும் மாணவர்கள் முதலில் தேடுவது பிணத்தை. கல்லூரி நாளில் நாங்களும் அப்படித்தான். திருவொற்றியூர்ச் சந்தொன்றில் நண்பனைப் படுக்கவைத்து, ரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸை ஊற்றினோம். கேமரா ஓடுவதற்குள் எறும்பு மொய்த்து, பிணம் எழுந்து ஓடியது. 2018-இல் ‘வடசென்னை’ படத்தின் தொடக்கத்தைப் பார்த்தபோதுதான், கொலையைக் காட்டாமலேயே திரில்லரைத் தொடங்கலாம் என்று உறைத்தது. 1987, ஒரு சாப்பாட்டுக் கடை. கொலையை முடித்த நான்கு பேர் அடுத்து என்ன செய்வதென்று பேசுகிறார்கள். செத்தவன் யார், ஏன் என்பதெல்லாம் வெகுநேரம் கழித்துத்தான். இயக்குநர் வெற்றிமாறனிடம் பணம் இருந்தது, சரி. அந்த யோசனைக்கு ஆன செலவு என்னவோ நாலு டீதான் இருக்கும். விளக்குக்கும் ஒலிக்கும்கூடச் செலவு வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் இரவில் வரிசைகட்டி நிற்கும். அந்த ஹெட்லைட்டை விடவா வாடகை விளக்கு? காசிமேடு மீன் சந்தையில் விடியுமுன் ஐஸ் உடைக்கும் சத்தத்தைப் பதிவுசெய்து, மூடிய கதவொன்றின் காட்சிமேல் ஓடவிட்டுப் பாருங்கள். ட்ரோன் ஷாட் மட்டும் வேண்டாம். பாதிக் குறும்படங்கள் அதில்தான் தொடங்குகின்றன. துறைமுகத்தருகே அனுமதியில்லாமல் பறக்கவிட்டால், மிச்சப் படம் காவல் நிலையத்தில்தான்.