சிரிப்பதற்கோ செர்னோபில்?

தோழனே! பந்தயம் ஒன்று நடந்தது, கேள். 2014ஆம் ஆண்டு ஒளிபரப்பான நிகழ்ச்சியிலே, பிபிசி தொலைக்காட்சியின் ‘டாப் கியர்’ குழுவினர் மூவர், உக்ரைன் நாட்டிலே மூன்று சிறு கார்களைச் செலுத்தினர். முடிவிடம் செர்னோபில். போய்ச் சேருமுன் பெட்ரோல் தீர்ந்தால் வெற்றி, சேர்ந்துவிட்டால் தோல்வி! இதுதான் விதி, இதிலேதான் வேடிக்கை!

வேடிக்கைக்குரிய இடமா அது? 1986 ஏப்ரல் 26, நள்ளிரவு கடந்து 1 மணி 23 நிமிடம். நான்காம் அணு உலை வெடித்தது. அணைக்க ஓடினர் தீயணைப்பு வீரர். கதிர்வீச்சு தாக்கி, அவர்களும் உலை ஊழியர்களுமாக 28 பேர் அவ்வாண்டிலேயே மாண்டனர். அருகிலிருந்த பிரிப்யாத் நகரின் மக்கள் ஏறத்தாழ 49,000 பேர். மறுநாள் பிற்பகல்தான் அவர்களை ஏற்றிச் செல்லப் பேருந்துகள் வந்தன. ‘தற்காலிகம்’ என்றனர். தற்காலிகமாம்! கதவைப் பூட்டிச் சென்றவர்கள் மீண்டும் குடியேறவில்லை, இன்றுவரை! மே முதல் நாள், கீவ் நகர வீதியிலே சிறுவர்கள் அணிவகுத்தனர், காற்றிலே கலந்திருந்த கேட்டினை அறியாமல்!

பந்தயக்காரருக்குப் பெட்ரோல் அளவுகாட்டும் முள் இருந்தது. அந்த மக்களுக்கு? ஆபத்தை அளந்து காட்டும் முள்ளையே அரசு மறைத்ததே!

அதனைச் சொல்லப் போகட்டும், படக்கருவியோடு போகட்டும், வாழ்த்துவோம். அச்சத்தை அங்காடிப் பண்டமாக்கப் போவதோ? அன்று ஆட்சியாளர் மௌனத்தால் மூடினர்; பின்னர் வந்தவர் சிரிப்பால் மூடினர். போர்வை இரண்டு, புதைந்தது ஒன்று, உண்மை!

தோழனே, மீண்டும் அந்த ஊர் திரையிலே தெரிந்தால், காரைப் பார்க்காதே. ஆளற்ற சாளரங்களைப் பார்!