வயர்லெஸ் மவுஸ் வழியா லேப்டாப்பை ஹேக் பண்ண முடியுமா? தப்பிப்பது எப்படி?

புது லேப்டாப்களில் யுஎஸ்பி போர்ட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற ஒன்றிரண்டிலும் பலர் நிரந்தரமாகச் செருகி வைத்திருப்பது வயர்லெஸ் மவுஸின் குட்டி டாங்கிளைத்தான். மவுஸ்தானே, இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா?

2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அம்பலப்படுத்தியது. லாஜிடெக், டெல், எச்பி, லெனோவா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 7 நிறுவனங்களின் சாதனங்கள் இதில் சிக்கின.

எப்படி நடக்கிறது?

பெரும்பாலான வயர்லெஸ் கீபோர்டுகளில் தட்டும் எழுத்துகள் ரகசியக் குறியீடாக மாறித்தான் டாங்கிளுக்குப் போகும். பாஸ்டில் சோதித்த மவுஸ்களில் இந்தப் பூட்டே இல்லை. மவுஸ் போல வேஷம் போட்டு வரும் சிக்னலில் கீபோர்டு எழுத்துகள் இருந்தாலும், சில டாங்கிள்கள் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டன. விளைவு? 100 மீட்டர் தூரம் வரை நிற்கும் ஒருவர், உங்கள் லேப்டாப்பில் உட்கார்ந்து டைப் செய்வதுபோல கட்டளை கொடுக்கலாம், வைரஸையும் இறக்கலாம்.

என்ன செய்யலாம்?

* டாங்கிளுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்க.
* பல பழைய டாங்கிள்களை அப்டேட் செய்யவே முடியாது. அவற்றை மாற்றுவதுதான் வழி.
* ப்ளூடூத் மவுஸ்களுக்கு இந்த ஓட்டை பொருந்தாது.
* சீட்டை விட்டு எழுந்தால் ஸ்கிரீனை லாக் பண்ணிடுங்க. திறந்து கிடக்கும் லேப்டாப்தான் ஹேக்கருக்கு வசதி.