இலவசக் குடையும் புதிய அசரீரியும்

தூத்துக்குடித் துறையிலே வெள்ளையன் குடை கொடுத்த கதை தோழர்கள் அறிந்த கதை. 1906-ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்மவர் கப்பல் ஓடிற்று. அதுவரை கடலைத் தன் பட்டா நிலமாகவே கருதி வந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சிதம்பரனாரும் குறைத்தார். கடைசியிலே வெள்ளைக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், ஆளுக்கொரு குடையும் இனாம் என்று கூவத் தொடங்கிற்று! 1908-லே சிதம்பரனார் சிறைக்குள் தள்ளப்பட்டார். 1911-லே சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்த பிறகு குடை எதற்கு, கொடை எதற்கு?

அந்தக் குடை மறுபடியும் விரிந்திருக்கிறது, தோழர்களே! துறைமுகத்திலே விரிந்த குடை இன்று சட்டைப் பையிலே கிடக்கும் கைப்பேசியிலே விரிகிறது. 2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம், 17,000 ரூபாய் விலை சொல்லப்பட்ட பெர்ப்ளெக்சிட்டி சேவையைத் தன் 36 கோடி வாடிக்கையாளருக்கும் ஓராண்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அக்டோபர் 30-இல் ஜியோவோடு கைகோத்த கூகுள், 35,100 ரூபாய் மதிப்புச் சொல்லி, தன் ஜெமினி சேவை 18 மாதங்களுக்கு இலவசம் என்றது. முதல் அழைப்பு யாருக்குத் தெரியுமா? 18 வயது முதல் 25 வயது வரை உள்ள இளைஞர்களுக்கு! ஐந்தே நாளில், நவம்பர் 4 அன்று, மாதம் 399 ரூபாய் என்று ஆகஸ்டில் விலை வைத்த சாட்ஜிபிடி கோ சேவையை ஓராண்டு சும்மா தருகிறோம் என்று வந்து நின்றது ஓப்பன் ஏஐ. நான்கே மாதத்தில் மூன்று குடைகள்!

திட்டக்குடிச் சந்தைக்கு வரும் உழவனும், விருத்தாசலத்துப் பீங்கான் சூளையருகே வியர்வை சிந்தும் உழைப்பாளியும் கேட்க வேண்டாமா, அமெரிக்க முதலாளிக்கு நம்மீது ஏன் இத்தனை கரிசனம் என்று?

கேள்வியின் வாசலைப் பிடிக்க நடக்கும் போர் இது. ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பும் மனிதன் முதலிலே எந்தக் கதவைத் தட்டுகிறானோ, அந்தக் கதவுக்கு உடையவனே விளம்பரத்துக்கும் வாணிபத்துக்கும் அதிபதி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கதவு கூகுளுடையது. கதவைக் காக்க அது அளந்த கூலியைக் கேளுங்கள்: ஆப்பிள் கருவிகளிலே தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, 2022 என்ற ஒரே ஆண்டில் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர்! தேடலிலே கூகுள் சட்டத்துக்கு மாறாக ஏகபோகத்தைக் கட்டிக் காத்தது என்று வாஷிங்டன் நீதிமன்றத்திலே நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் கூறியபோது, பிறரை அண்டவிடாத ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தார். குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்றும் விட்டுவிட்டார்.

அந்தக் கோட்டைச் சுவரிலே விரிசல் விழுந்தது எப்போது? 2022 நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வந்தபோது. கேட்டால் பேசுகிற எந்திரம்! 2023 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் அதே வித்தையைத் தன் பிங் தேடலில் இணைத்தது. பதறிய கூகுள் ‘பார்ட்’ என்ற எந்திரத்தை அரங்கேற்றிற்று. அதன் விளம்பரத்திலேயே விண்வெளித் தொலைநோக்கி பற்றிப் பிழையான விடை! பிப்ரவரி 8 அன்று ஒரே நாளில் கூகுளின் தாய் நிறுவனத்துடைய பங்கு மதிப்பிலே சுமார் 10,000 கோடி டாலர் கரைந்தது.

எந்திரத்தின் ஒரு பிழை முதலாளிக்கு 10,000 கோடி டாலர். அதே பிழை நம் தொழிலாளிக்கு என்ன விலை?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலே களிமண் தூசியையும் கற்பொடியையும் பல ஆண்டுகள் மூச்சிலே வாங்கிய ஒருவருக்கு நெஞ்சு இறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இது சிலிக்கோசிஸ் நோயா? இழப்பீடு உண்டா?’ என்று கைப்பேசியைக் கேட்கிறார். எந்திரம் தயங்காது, தடுமாறாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டி நல்ல தமிழிலேயே விடை சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டம் உட்பட 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் அடைத்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டதே ஒன்றிய அரசு! பழைய ஏட்டைப் படித்த எந்திரம் பழைய பாட்டைப் பாடினால், மனுவிலே தவறான சட்டத்தை எழுதிவிட்டு அலுவலகப் படியேறி இறங்குபவர் யார்? நோயோடு போராடும் அந்தத் தொழிலாளி! விடை சொன்ன எந்திரத்தை எந்த மன்றத்திலே நிறுத்துவது?

முன்பெல்லாம் தேடினால் பத்துக் கதவுகள் தெரியும். அரசு அறிக்கை ஒன்று, செய்தித்தாள் ஒன்று, எதிர்க்கட்சியின் வாதம் ஒன்று. எதை நம்புவது என்று நாமே எடை போட்டோம். இப்போது ஒரே குரல். அடியிலே ஆதாரத்தைச் சின்னதாகக் காட்டினாலும், அதைத் தொட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்?

புராணத்திலே இப்படி ஒரு குரல் வரும். உருவம் தெரியாது, உடையவன் யார் என்று புரியாது; சொன்னது சொன்னதுதான். அதற்கு அசரீரி என்று பெயர்! யார் சொன்னது, எப்போது சொன்னது, ஆதாரம் என்ன, ஆதாயம் யாருக்கு என்று கேட்கக் கற்றுக் கொடுத்தவர் தந்தை பெரியார். வானத்து அசரீரியைக் குறுக்கு விசாரணை செய்த இயக்கம், கண்ணாடித் திரையிலே ஒலிக்கும் அசரீரியின் முன் கைகட்டி நிற்கலாமா?

நம்மவர்தானே தலைமையிலே இருக்கிறார் என்று சிலர் பூரிக்கிறார்கள். உண்மைதான். கூகுளை நடத்தும் சுந்தர் பிச்சை மதுரையிலே பிறந்து சென்னையிலே வளர்ந்தவர். பெர்ப்ளெக்சிட்டியைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான அரவிந்த் ஸ்ரீநிவாஸ் சென்னைக்காரர், சென்னை ஐஐடியில் படித்தவர். இரண்டு பாசறையிலும் தமிழர்! அவர்கள் அறிவுக்கு வாழ்த்துச் சொல்லுவோம். ஆனால் படைத்தலைவன் தமிழன் என்பதால் பிடிக்கப்படும் கோட்டை தமிழருடையதாகிவிடாது. கணக்குப் புத்தகம் கலிபோர்னியாவிலே இருக்கிறது.

தமிழுக்கு எந்தப் பந்தி கிடைத்தது என்பதையும் பாருங்கள். தேடலிலே உரையாடும் முறையைக் கூகுள் 2025-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது முதலில் ஆங்கிலம்; செப்டம்பரில் இந்தி; தமிழ் அதற்குப் பிறகுதான். தானாகவே வந்ததா இணையத் தமிழ்? 1998-லே மதுரைத் திட்டம் தொடங்கித் தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். 1999-லே கலைஞர் ஆட்சியிலே சென்னையில் தமிழிணைய மாநாடு கூடித் தமிழ் 99 விசைப்பலகை பிறந்தது. 2003 முதல் கூலி வாங்காத கைகள் தமிழ் விக்கிப்பீடியாவை எழுதின. இணையத்திலே கிடந்த எழுத்தைத் தின்றுதான் இந்த எந்திரங்கள் பேசப் பழகின. நெய்வேலிக் களிமண் இல்லாமல் விருத்தாசலத்துப் பீங்கான் ஏது? மண் நம்முடையது, பாண்டத்தை மட்டும் மாத வாடகைக்கு வாங்கு என்றால், மண்ணுக்கு விலை என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இலவசத்தின் முடிவையும் நாம் கண்டிருக்கிறோம். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ 2017 மார்ச் வரை சும்மா கொடுத்தது. ஏற்கெனவே கடன் சுமையில் தள்ளாடிய ஏர்செல், தமிழ்நாட்டிலே பிறந்து வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் படுத்தேவிட்டது. எண்ணை மாற்ற முடியாமல் இலட்சக்கணக்கானோர் தெருவிலே நின்றார்கள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் வரிசையாகக் கட்டணத்தை உயர்த்தியபோது ஓடிப்போக வேறு வாசல் எத்தனை இருந்தது?

அப்படியானால் எந்திரத்தை உடைப்பதா? இல்லை! பகுத்தறிவு இயக்கம் எந்திரத்துக்குப் பகையல்ல. ஆங்கிலம் தெரியாத தொழிலாளி தன் மொழியிலே கேட்டு விடை பெறுவது முன்னேற்றமே. அதை யாரும் பறிக்கக் கூடாது. குடையைப் பிடியுங்கள், கடலை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்!

ஒன்றிய அரசுக்குச் சொல்லுகிறோம். பேஸ்புக் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற பெயரிலே இலவச வலை விரித்தபோது, பாரபட்சக் கட்டணத்துக்கு 2016 பிப்ரவரி 8 அன்று தடை போட்டது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அந்தத் துணிவு இன்று எங்கே? தொலைபேசி இணைப்போடு ஒரே ஒரு விடைப்பொறியைக் கட்டிக் கொடுப்பதைப் போட்டி ஆணையம் ஆராயட்டும். மாநில அரசுக்கும் சொல்லுகிறோம்: அரசாணைகளையும் நலத்திட்ட விதிகளையும் படமாகப் பிடித்துப் போடாமல், தேடினால் கிடைக்கும் தமிழ் எழுத்தாக, தேதியோடு வெளியிடுங்கள். சரியான ஏடு பொதுவிலே இருந்தால்தான் எந்திரத்தின் பிழையைச் சாதாரண மனிதன் பிடிக்க முடியும்.

தோழர்களுக்கோ பழைய வேலைதான், புதிய கருவியோடு. ஊர்தோறும் படிப்பகம் வைத்து, ஏட்டை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு விவாதித்து வளர்ந்த இயக்கம் இது. அந்தப் படிப்பகத்திலே இனி எந்திரத்தின் விடையையும் உரக்கப் படியுங்கள். ஆதாரம் எங்கே என்று அதையே கேளுங்கள். அது காட்டும் ஏட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். சட்டம் என்றால் தொழிற்சங்க அலுவலகத்திலே, நோய் என்றால் மருத்துவரிடத்திலே சரிபார்த்த பிறகே மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

விடை யாரும் விற்கலாம்; எவரும் இனாமாகவும் தரலாம். கேள்வி மட்டும் நம்மிடமே இருக்கட்டும்!