பின் ஸீட்டில் இருப்பவன்

அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாகாணத்தில் டேஸ்வெல் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. பீயோரியா நகருக்கு ஆற்றின் எதிர்க்கரை. ஊரைத் தாண்டினால் மக்காச்சோளக் கொல்லைகளும், அவற்றினூடே கிராமச் சாலைகளுந்தான். அந்த ஒரு ஜில்லாவில் 2005 மார்ச் முதல் 15 மாதங்களுக்குள் 15 இளம் பிள்ளைகள் மோட்டார் விபத்துகளில் மாண்டு போனார்கள். மாதத்துக்கு ஒரு வீட்டில் அழுகுரல்!

"பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காரை யார் கொடுத்தது?" என்றுதானே கேட்கிறீர்கள்? சர்க்கார்தான் கொடுத்தது. அங்கே 15 வயதில் பழகிக்கொள்ள அனுமதி, 16-ல் லைசென்ஸ். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன் மாதிரி.

பெரியவர்கள் உபதேசம் செய்யாமல் இல்லை. ஆனால் விபத்து நேரும்போது பெரியவர் எவரும் காரில் இருப்பதில்லையே! இருப்பவர்கள் சிநேகிதர்கள். புதிதாக ஓட்டும் பையனுடன் ஏறும் சிநேகிதர்கள் கூடக் கூட, அபாயமும் கூடுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் போடா!" என்று பின் ஸீட்டிலிருந்து சொல்பவனேதான் "மெதுவாகப் போ" என்றும் சொல்ல முடியும்.

ஆகவே 2007-ல், மாகாணப் போக்குவரத்து இலாகாவும் ஃபோர்டு கம்பெனியும் கைகோத்து ஒரு காரியம் செய்தன. ஹைஸ்கூல் மாணவர்களே திட்டம் தீட்டி அனுப்பவேண்டும். நல்ல திட்டத்துக்கு மானியம். கார் விற்பவரே ஜாக்கிரதைக்கும் பணம் கொடுக்கிறாரே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். டேஸ்வெலில் ஆரம்பித்தது மாகாணமெங்கும் பரவிற்று.

இத்தகைய திட்டங்களில் நசுங்கிய காரை மைதானத்தில் நிறுத்தி, சாயம் பூசிய மாணவர்களைப் பிணம்போல் கிடத்துவதும் உண்டு. பார்ப்பவர்கள் அழுவார்கள். எனக்கென்னவோ அந்த அழுகை மறுநாள் வரை தாங்குமா என்று சந்தேகம். இன்னொரு வேலைதான் எனக்குப் பிடித்தது. காலையில் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்துடன் நிற்பார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு காரிலும் எத்தனை பேர் பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். கணக்கை ஊரறிய ஒட்டுவார்கள். சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி எண்ணுவார்கள்.

2008 முதல் சட்டமும் இறுகிற்று. பழகும் காலம் 3 மாதத்திலிருந்து 9 மாதமாயிற்று. லைசென்ஸ் வாங்கிய முதல் வருஷத்தில், உடன்பிறந்தவர்கள் தவிர, இருபது வயதுக்கு உட்பட்ட ஒருவரைத்தான் ஏற்றிச் செல்லலாம். பிறகு அந்த மாகாணத்தில் பிள்ளைகளின் சாவு குறைந்தது. சட்டத்தின் பங்கு எவ்வளவு, நோட்டுப் புத்தகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு சிநேகிதன் பெல்ட் போட்டிருக்கிறானா என்று பார்க்க, வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.