ஊகத்திற்கு ஏன் கூலி?

எங்கள் மத்ரஸாவுக்கு அரிசி மூட்டைகள் ஏற்றிவரும் பழைய டீசல் பிக்கப் வண்டி, சென்ற மாதம் நின்ற இடத்திலேயே குலுங்கத் தொடங்கிற்று. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எஞ்சின் இயங்கும். விற்பனை நிறுவனத்தின் பணிமனைக்கு இருமுறை அனுப்பினோம். முதன்முறை டீசல் ஃபில்டரையும் எஞ்சின் மவுண்டிங்கையும் மாற்றினர். மறுமுறை நான்கு நாசில்களையும் மாற்றினர். குலுக்கம் அப்படியே இருந்தது. செலவு 19,000 ரூபாயைத் தாண்டியது. அது ஜமாஅத்தார் தந்த நன்கொடை, அமானிதம் என்பதே என் உறக்கத்தைக் கெடுத்தது.

பின்னர் வந்த உள்ளூர் மெக்கானிக், ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை மட்டும் கழற்றி, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினார். டீசலோடு காற்றுக்குமிழிகள் ஓடுவதை எங்களுக்கே காட்டினார். பம்பு டீசலை உறிஞ்சும் பகுதியில் வெடிப்பு விழுந்தால் பெரும்பாலும் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். டாங்கியருகே வெடித்திருந்த குழாயையும் கிளிப்பையும் மாற்றியதும் குலுக்கம் நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

பழைய வண்டியில் இத்தகைய பழுது எளிதில் பிடிபடாதுதான். தெரியவில்லை என்று சொல்வதும் இழிவன்று. இமாம் மாலிக் போன்ற பேரறிஞரே அவ்வாறு சொல்லத் தயங்கியதில்லை. ஆனால் ஊகித்து மாற்றிய பாகங்களின் முழு விலையையும் நம் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. சோதனைக்குத் தனிக்கூலி கேட்கட்டும், மகிழ்ந்து கொடுப்போம். நாமும் என்ன சோதித்தார்கள் எனக் கேட்காமல், கழற்றிய பாகங்களைப் பெறாமல் பணம் செலுத்தலாகாது. எங்கள் பொருளாளர் பழைய நாசில்களைக் கேட்டு நாளை அப்பணிமனைக்குச் செல்கிறார். நானும் உடன் செல்கிறேன்.