முற்றட்டும் என்று காத்திருத்தல்

இம்மலரைக் கையை நீட்டித் தொலைவிற் பிடித்து வாசிக்கும் பழைய மாணவர் பலர் இருப்பர். நாற்பதைக் கடந்தார்க்கு அஃது இயல்பே. கண்வில்லை நெகிழ்ச்சி குன்றியதன் விளைவு. கண்ணாடி அணியத் தீரும். அறுபதைக் கடந்த நம்மவர், பார்வை மங்கத் தொடங்கியதும், “வெண்புரைதான், முற்றட்டும், பார்ப்போம்” என்று திண்ணையிற் சாய்ந்துவிடும் வழக்கத்தைக் கண்டிக்கவே இதனை எழுதுகின்றேன்.

இவ்வழக்கம் மடமையிற் பிறந்ததன்று. நம் பாட்டன்மார் காலத்தில் முற்றாத வில்லையை மிச்சமின்றி அகற்றுதல் அரிது. அகற்றிய பின்னரும் தடித்த கண்ணாடி வேண்டும். அதனூடே படியும் பள்ளமும் பருத்துத் தோன்றும். ஆதலின் இரு கண்ணும் ஏறக்குறைய இருளும்வரை பொறுத்திருத்தல் அன்று அறிவுடைமையே. 1949ஆம் ஆண்டில் இலண்டனில் ஹரோல்ட் றிட்லி என்னும் மருத்துவர் கண்ணினுள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணுட் புகுந்தும் தீங்கின்றிக் கிடந்தமையே அவருக்கு வழிகாட்டிற்று. 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் அவ்வில்லைகளைத் தாமே செய்யத் தலைப்பட்டபின், அவை ஏழைக்கும் எட்டும் பொருளாயின. இன்றோ, முற்றிய வில்லை இறுகிச் சத்திரசிகிச்சையைக் கடினமாக்கும். சிலவேளை வீங்கிக் கண்ணின் அழுத்தத்தையும் ஏற்றும். காரணம் போயிற்று, வழக்கம் மட்டும் நின்றது.

இதனினும் பெருந்தீங்கு, மங்கல் அனைத்தையும் புரையென்றே கொள்ளுதல். குளோக்கோமா என்னும் நோய் பார்வை நரம்பை ஓசையின்றி அரிப்பது. நோவில்லை, சிவப்பில்லை. நல்லூர்த் தேர்த்திருவிழாவில் நேரே வரும் தேரைத் தெளிவாகக் காண்பவர், அருகில் நிற்கும் பேரனைக் காணாது இடித்துக்கொள்வார், கூட்டத்தின்மேற் பழிபோடுவார். புரையால் இழந்த பார்வை மீளும். இதனால் இழந்தது மீளாது. எஞ்சியதைக் காக்கவே சொட்டுமருந்தும் சிகிச்சையும் உதவும். சலரோகம் உடையார்க்கு விழித்திரையிற் குருதிக்குழாய்கள் கசிவதும் இவ்வாறே தொடக்கத்திற் குறிகாட்டாதது. மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த கிறீன் வாழ்ந்த மண் இது. நாமோ நம் நோயின் பெயரைத் தமிழிற் கேட்டறியவும் கூசி, மருந்துச் சீட்டோடு வீடு திரும்புகின்றோம்!

என் பெரியப்பா நான்காண்டு காத்திருந்தார். புரை முற்றிற்று, அகற்றவும்பட்டது. அதன் பின்னே குளோக்கோமா பார்வையின் பெரும்பகுதியை முன்னரே கொண்டுபோயிருந்தமை தெரியவந்தது. காலைப் பத்திரிகையை இன்றும் முதலில் அவர் மடியிலேயே வைக்கின்றோம்; வாசிப்பவர் வேறொருவர்.

இந்நோய் குடும்பவழி வருவதாகலின், பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இருப்பின் நாற்பதிலேயே கண்ணழுத்தமும் நரம்பும் சோதிக்கப்பட வேண்டும். சலரோகிகள் ஆண்டுதோறும் கண்மணியை விரித்து விழித்திரையைக் காட்டுதல் வேண்டும். கண் சிவந்தபோதெல்லாம் மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் ஸ்ரிரொயிட் சொட்டுமருந்தை நெடுநாள் விடுதலும் அழுத்தத்தை ஏற்றும். இதனை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

விழாவிற்குப் பந்தலும் விருந்தும் அமைப்பதில் நம் சங்கத்தார் வல்லவர். அவற்றோடு ஒரு முற்பகல் வகுப்பறை இரண்டை ஒதுக்கி, நம் பழைய மாணவராகிய மருத்துவர்களை அழைத்து, வருவோர் கண்களைச் சோதிப்பிக்கலாகாதா? மத்தியான விருந்துக்கு முன் அது முடிந்துவிடும்.